அமில ஊடகத்தில் கரிம அரிமானத் தடுப்பான்கள்

கரிம அரிமானத் தடுப்பான்கள் என்பன, எஃகு அமிலத்தில் கரைந்து அழியும் வேகத்தைக் குறைப்பதற்காக அந்த அமிலத்துடன் மிகச் சிறிய அளவில் கலக்கப்படும் கார்பன் சேர்மங்கள் ஆகும். தொழிற்கூடங்களில் இவற்றை இன்ஹிபிட்டர் என்றே அழைப்பர். பெரும்பாலும் நைட்ரசன், கந்தகம், ஆக்சிசன் ஆகிய அணுக்களில் ஒன்றையோ பலவற்றையோ கொண்டிருக்கும் இச்சேர்மங்கள், எஃகின் மேற்பரப்பில் மூலக்கூறு அளவு தடிப்புள்ள ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு அமிலத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலான வேதிவினையைத் தடை செய்கின்றன. இவை வண்ணப்பூச்சு போன்ற உறை அல்ல. அமிலத்தை நடுநிலையாக்குவனவும் அல்ல. தடுப்பான் கலந்த அமிலமும் முன்போலவே வலிமையான அமிலம்தான். பெயரில் 'தடுப்பான்' என்று இருப்பினும் இவை அரிமானத்தை முற்றாக நிறுத்துவதில்லை, மட்டுப்படுத்துகின்றன.

தேவை

எஃகை அழிக்கும் அமிலத்தில் எஃகை ஏன் இட வேண்டும் என்ற வினா இயல்பாக எழும். சூடான நிலையில் உருட்டித் தகடாகவோ கம்பியாகவோ ஆக்கப்பட்ட எஃகின் மேல் கருநீல நிறத்தில் ஆக்சைடுச் செதில் படிந்திருக்கும். இது மூன்று அடுக்குகளால் ஆனது. உலோகத்தை ஒட்டி இரும்பு ஓராக்சைடும், அதன்மேல் காந்த இரும்பு ஆக்சைடும், வெளிப்புறத்தில் மெல்லிய சிவப்பு ஆக்சைடும் அமைந்திருக்கும். இச்செதிலை நீக்காமல் எஃகிற்கு நாக முலாம் பூசவோ, குளிர்நிலையில் உருட்டவோ, கம்பியாக இழுக்கவோ இயலாது. எனவே எஃகை ஐதரோகுளோரிக் அமிலத் தொட்டியிலோ சூடான கந்தக அமிலத் தொட்டியிலோ மூழ்க வைக்கின்றனர். இதற்கு அமிலக் கழுவல் என்று பெயர்.

கொதிகலன் குழாய்களின் உட்புறப் படிவுகளை நீக்குவதற்கும், சுண்ணாம்புப் பாறையில் தோண்டப்பட்ட எண்ணெய்க் கிணறுகளில் பாறையின் துளைகளைக் கரைத்து அகலப்படுத்துவதற்கும் அமிலமே பயன்படுகிறது. இவை அனைத்திலும் கரைய வேண்டியது செதில், படிவு அல்லது பாறை. கரையக் கூடாதது எஃகு. அமிலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதை அமிலத்துக்குக் கற்றுத்தரும் வேலையைத்தான் தடுப்பான் செய்கிறது எனலாம். நல்ல தடுப்பானின் மூலக்கூறுகள் வெறும் உலோகத்தின் மேல் உறுதியாக ஒட்டும். ஆக்சைடின் மேல் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆகவே செதில் ஏறத்தாழ முன்போன்றே கரைய, உலோகம் மட்டும் காக்கப்படுகிறது.

இழப்பு உலோகத்தோடு நிற்பதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், 1 கிலோகிராம் இரும்பு கரையும்போது சுமார் 1.3 கிலோகிராம் ஐதரசன் குளோரைடு வீணாகச் செலவாகிறது. ஏறத்தாழ 400 லிட்டர் ஐதரசன் வளியும் வெளிவருகிறது. இவ்வளி குமிழ்களாக மேலெழுந்து வெடிக்கும்போது அமிலத் துளிகளைக் காற்றில் தெறிக்கச் செய்கின்றது. தொட்டியருகில் வேலை செய்வோரின் கண்ணையும் தொண்டையையும் எரியச் செய்யும் அமிலப் புகையில் ஒரு பங்கு இதனால் உண்டாவது.

அரிமானம் நிகழும் முறை

அமிலத்தில் எஃகு கரைவது ஒரு மின்வேதி நிகழ்வாகும். மேற்பரப்பின் சில இடங்களில் இரும்பு அணு இரண்டு எதிர்மின்னிகளை (எலக்ட்ரான்களை) விட்டுவிட்டு அயனியாகக் கரைசலுக்குள் செல்கிறது. வேறு இடங்களில் அமிலத்தின் ஐதரசன் அயனிகள் அந்த எதிர்மின்னிகளைப் பெற்று ஐதரசன் வளியாகின்றன.

நேர்மின்வாய் வினை: இரும்பு → இரும்பு அயனி (2+) + 2 எதிர்மின்னிகள்

எதிர்மின்வாய் வினை: 2 ஐதரசன் அயனிகள் + 2 எதிர்மின்னிகள் → ஐதரசன் வளி

இரண்டு வினைகளும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும். ஒன்று விட்ட எதிர்மின்னிகளை மற்றொன்று பெற்றுக்கொள்ளாவிடில் வினை நின்றுவிடும். இதிலிருந்து கிடைக்கும் பயனுள்ள முடிவு என்னவெனில், இரண்டில் எதை மந்தமாக்கினாலும் மொத்த அரிமானமும் மந்தமாகும் என்பதே. முதல் வினையைத் தடுப்பவை நேர்மின்வாய்த் தடுப்பான்கள் என்றும், இரண்டாவதைத் தடுப்பவை எதிர்மின்வாய்த் தடுப்பான்கள் என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. அமிலத்தில் பயன்படும் கரிமச் சேர்மங்களில் பெரும்பாலானவை இரண்டையும் வெவ்வேறு அளவில் தடுக்கும் கலப்பு வகையைச் சேர்ந்தவை.

நடுநிலை நீரில் பயன்படும் குரோமேட்டு போன்ற தடுப்பான்கள் எஃகின் மேல் காப்பு ஆக்சைடுப் படலத்தை உருவாக்கிக் காக்கின்றன. வலிமையான அமிலத்தில் அத்தகைய ஆக்சைடு நிலைத்திருக்காமல் கரைந்துவிடும். எனவே அமிலத்தில் வெற்று உலோகத்தின் மேல் நேரடியாக ஒட்டக்கூடிய மூலக்கூறே தேவை. கரிமச் சேர்மங்கள் இங்கு முதன்மை பெறுவதற்குக் காரணம் இதுதான்.

மூலக்கூறு ஒட்டும் விதம்

ஒரு மூலக்கூறு கரைசலிலிருந்து வந்து திண்மத்தின் மேற்பரப்பில் தங்குவதைப் பரப்புக் கவர்தல் என்பர். (பஞ்சு நீரை உட்கொள்வது போன்ற உறிஞ்சுதலுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.) எஃகின் மேற்பரப்பில் ஏற்கெனவே நீர் மூலக்கூறுகள் அமர்ந்திருக்கும். தடுப்பான் அவற்றை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தைப் பிடிக்க வேண்டும். இது இரு வகையில் நிகழ்கிறது.

முதலாவது வகை மின் ஈர்ப்பினால் நிகழ்வது. அமீன்கள் அமிலத்தில் ஓர் ஐதரசன் அயனியை ஏற்று நேர்மின்சுமை பெறுகின்றன. ஆனால் அமிலத்தில் உள்ள எஃகின் மேற்பரப்பும் பொதுவாக நேர்மின்சுமை கொண்டதே. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால் அமீன் எவ்வாறு அருகில் வரும்? விடை குளோரைடு அயனியில் உள்ளது. எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனிகள் முதலில் எஃகின் மேல் படிந்து அதன் மின்சுமையை மாற்றிவிடுகின்றன. நேர்மின்சுமை கொண்ட அமீன் அவற்றின் மேல் வந்து அமர்கிறது. குளோரைடு இங்கே ஒரு பாலம் போலச் செயற்படுகிறது.

ஒரே அமீன் கந்தக அமிலத்தில் காட்டுவதைவிட ஐதரோகுளோரிக் அமிலத்தில் மிகுந்த பயன் தருவது ஏன் என்பதை இதனால் விளக்கலாம். சல்பேட்டு அயனி எஃகின் மேல் குளோரைடு அளவுக்கு ஒட்டுவதில்லை. கந்தக அமிலத்தில் சிறிதளவு பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால், அதுவரை சுமாராக இருந்த தடுப்பான் திடீரெனச் சிறப்பாக வேலை செய்யத் தொடங்குவதும் இதே காரணத்தால்தான். பால அயனிகளுள் அயோடைடு, புரோமைடு, குளோரைடு என்ற வரிசையில் ஆற்றல் குறைகிறது.

இரண்டாவது வகையில் வேதிப்பிணைப்பு உருவாகிறது. நைட்ரசன், கந்தகம் ஆகிய அணுக்களிடம் பிணைப்பில் ஈடுபடாத இணை எதிர்மின்னிகள் உள்ளன. பென்சீன் போன்ற வளையங்களிலும் இரட்டை, மும்மைப் பிணைப்புகளிலும் தளர்வான எதிர்மின்னிகள் உள்ளன. இரும்பு அணுவின் நிரம்பாத சுற்றுப்பாதைகள் இவற்றை ஏற்றுக்கொள்ளும்போது உறுதியான பிணைப்பு ஏற்படுகிறது. ஒத்த அமைப்புள்ள சேர்மங்களை ஒப்பிட்டால் பொதுவாகக் கந்தகம் உடையவை முன்னிலையிலும், அடுத்து நைட்ரசன் உடையவையும், பின்னர் ஆக்சிசன் உடையவையும் நிற்கின்றன. விதிவிலக்குகள் நிறையவே உண்டு.

மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீரை விரும்பாத நீண்ட கார்பன் சங்கிலியான மறுமுனை கரைசலை நோக்கி நின்று நீரையும் அயனிகளையும் விலக்கி வைக்கிறது. சங்கிலி நீள நீளக் காப்பு கூடும். ஆயினும் அளவுக்கு மீறி நீண்டால் சேர்மம் அமிலத்தில் கரையாமற் போய்விடும்.

வெப்பநிலை இங்கே பெரும் பகைவன். வெப்பநிலை உயர்ந்தால் அரிமானத்தின் வேகம் கூடுவதோடு, மின் ஈர்ப்பினால் மட்டும் ஒட்டியிருந்த மூலக்கூறுகள் பிரிந்து சென்றுவிடுகின்றன. ஆய்வகத்தில் 30 °செ வெப்பநிலையில் நன்கு வேலை செய்த சேர்மம் 60 °செ வெப்பநிலையில் கைவிட்டுவிடுவது அரிதன்று.

வரலாறு

1872 ஆம் ஆண்டில் மாரங்கோனி, ஸ்டெஃபனெல்லி என்னும் இருவர் பசை, ஜெலட்டின், தவிடு ஆகியவற்றின் சாறுகள் அமிலத்தில் இரும்பு கரைவதை மட்டுப்படுத்துவதைப் பதிவு செய்தனர். 1895 இல் பால்டுவின் என்பவர் பெற்ற பிரித்தானியக் காப்புரிமை, எஃகுத் தகடுகளை அமிலத்தில் கழுவும்போது சர்க்கரைப்பாகுக் கழிவையும் தாவர எண்ணெய்களையும் சேர்ப்பதைப் பற்றியது. தொடக்கக்காலத் தடுப்பான்கள் சமையலறையிலும் மாட்டுத் தொழுவத்திலும் காணப்படும் பொருள்களாகவே இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இத்துறையைப் பெருமளவில் வளர்த்தது அமெரிக்காவின் எண்ணெய்த் தொழில் ஆகும். ஒகையோ மாநிலத்தின் லைமாவில் பணியாற்றிய வேதியியலாளர் எர்மன் ஃபிராசு, சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தி எண்ணெய் வரத்தைக் கூட்டும் முறைக்கு 1896 இல் காப்புரிமை பெற்றார். முறை பயன் தந்தது; ஆனால் அமிலம் கிணற்றின் எஃகுக் குழாய்களையும் தின்றது. சில ஆண்டுகளில் அம்முறை கைவிடப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

1932 பிப்ரவரி 11 அன்று மிச்சிகன் மாநிலத்தின் இசபெல்லா மாவட்டத்தில், பியூர் ஆயில் நிறுவனத்தின் ஃபாக்சு எண் 6 என்னும் கிணற்றில் 500 காலன் (சுமார் 1,900 லிட்டர்) ஐதரோகுளோரிக் அமிலம் செலுத்தப்பட்டது. இம்முறை டவ் வேதி நிறுவனத்தினர் அமிலத்துடன் ஆர்சனிக் சேர்மம் ஒன்றைத் தடுப்பானாகக் கலந்திருந்தனர். கிணறு மீண்டும் எண்ணெய் தந்தது, குழாயும் தப்பியது. அவ்வாண்டிலேயே இப்பணிக்கெனத் டவெல் என்னும் துணை நிறுவனம் தொடங்கப்பட்டது. முப்பது ஆண்டுகளாக உறங்கிய ஒரு தொழில்நுட்பத்தை எழுப்பியது புதிய அமிலம் அன்று, அமிலத்தில் கலந்த ஒரு சிட்டிகைப் பொருளே.

ஆர்சனிக் கொடிய நஞ்சு. அத்துடன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் வினையூக்கிகளையும் அது கெடுத்தது. ஐதரசன் சல்பைடு உள்ள கிணறுகளில் வீழ்படிவாகிப் பயனற்றும் போனது. இக்காரணங்களால் கரிமச் சேர்மங்கள் அதனிடத்தைப் பிடித்தன. அமெரிக்க வேதியியலாளர் நார்மன் ஆக்கர்மன் (1912-2007) முதலானோர் 1950களில் பரப்புக் கவர்தலின் அடிப்படையில் இவற்றின் செயல்பாட்டை விளக்கினர்.

தமிழ்நாட்டில் காரைக்குடியில் அமைந்துள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமான ஆய்வுக்கு இந்தியாவில் முதன்மையான இடங்களுள் ஒன்று. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்டது.

பயன்படும் சேர்மங்கள்

எக்சமீன்: விலை குறைந்தது. ஐதரோகுளோரிக் அமிலக் கழுவலில் நெடுங்காலமாகப் பயன்படுவது. அமிலத்தில் சிறிது சிறிதாகச் சிதைந்து ஃபார்மால்டிகைடைத் தரும்.

தயோயூரியாவும் அதன் வழிப்பொருள்களும்: கந்தக அமிலத்தில் மிகக் குறைந்த அளவிலேயே பலன் தருபவை. ஆனால் தயோயூரியாவின் அளவு ஓர் எல்லையைத் தாண்டினால் அது அரிமானத்தைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டத் தொடங்குகிறது. 'இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் நல்லது' என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகும்.

புரோப்பார்கைல் ஆல்ககால்: மும்மைப் பிணைப்புடைய சிறு மூலக்கூறு. எஃகின் மேல் ஒட்டியபின் அண்டை மூலக்கூறுகளோடு இணைந்து பல்லுறுப்பிப் படலமாகிறது. அதனால் மற்றவை தோற்கும் உயர்ந்த வெப்பநிலைகளிலும் தாக்குப்பிடிக்கும். ஆழமான எண்ணெய்க் கிணறுகளில் குயினோலின் உப்புகளுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படுகிறது. தோல் வழியே உடலுக்குள் செல்லக்கூடிய நஞ்சு இது.

சின்னமால்டிகைடு: இலவங்கப்பட்டைக்கு அதன் மணத்தைத் தரும் சேர்மம். முந்தையதைவிட நச்சுத்தன்மை குறைந்தது என்பதால் எண்ணெய்க் கிணற்று அமிலங்களில் மாற்றாக ஏற்கப்பட்டது.

இவற்றைத் தவிர இமிடசோலின்கள், நாற்படி அம்மோனியம் உப்புகள், கொழுப்பு அமீன்கள் ஆகியனவும் பயன்படுகின்றன. கடையில் விற்கப்படும் தடுப்பான் பெரும்பாலும் ஒற்றைச் சேர்மம் அல்ல. தடுப்பான், அது கரைவதற்கான கரைப்பான், பரவுவதற்கான சோப்பு வகைப் பொருள் ஆகியவற்றின் கலவையே ஆகும்.

திறனை அளத்தல்

எளிய முறை எடையிழப்பு முறை. துலக்கி எடைபோட்ட எஃகுத் துண்டைத் தடுப்பான் அற்ற அமிலத்திலும் அதையொத்த மற்றொன்றைத் தடுப்பான் உள்ள அமிலத்திலும் ஒரே நேரம் வைத்திருந்து, கழுவி உலர்த்தி மீண்டும் எடைபோடுவர். எடுத்துக்காட்டாக, 20 சதுர செ.மீ. மொத்தப் பரப்புடைய துண்டு 6 மணி நேரத்தில் வெற்று அமிலத்தில் 120 மில்லிகிராமும், தடுப்பான் உள்ள அமிலத்தில் 6 மில்லிகிராமும் இழப்பதாகக் கொள்வோம்.

தடுப்புத் திறன் = (120 − 6) ÷ 120 × 100 = 95 விழுக்காடு

அரிமான வேகத்தை ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் எனக் காண, மில்லிகிராமில் எடையிழப்பை 87.6 ஆல் பெருக்கி, அடர்த்தி (எஃகுக்கு 7.87), பரப்பு, மணி நேரம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும்.

வெற்று அமிலத்தில்: 87.6 × 120 ÷ (7.87 × 20 × 6) = 11.1 மி.மீ./ஆண்டு

தடுப்பானுடன்: 87.6 × 6 ÷ (7.87 × 20 × 6) = 0.56 மி.மீ./ஆண்டு

விழுக்காட்டை மட்டும் பார்ப்பது ஏமாற்றக்கூடியது. 95 விழுக்காட்டுக்கும் 99 விழுக்காட்டுக்கும் இடையே வேறுபாடு நான்குதான் என்று தோன்றும். உண்மையில் முதலாவதில் எஞ்சும் அரிமானம் 5 பங்கு, இரண்டாவதில் 1 பங்கு. அதாவது எஃகு ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் கரைகிறது. மறுபுறம், சூடான வலிய அமிலத்தில் வெற்று வேகமே பேரளவாக இருக்கும்போது, அதில் 95 விழுக்காட்டைத் தடுத்தாலும் எஞ்சுவது குழாயைத் துளைக்கப் போதுமானதாக இருக்கலாம். எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர்கள் இதனை உணர்ந்து, விழுக்காட்டை விடுத்து, பணி முடியும் வரையிலான மொத்த இழப்பையே எல்லையாகக் கொள்கின்றனர். சதுர அடிக்கு 0.05 பவுண்டு என்பது பரவலாகப் பயன்படும் ஓர் எல்லை. இது சதுர செ.மீ.க்குச் சுமார் 24 மில்லிகிராம். தடிப்பில் ஏறத்தாழ 0.03 மி.மீ.

மின்முனைவாக்க வளைகோடுகள், மின்மறுப்பு அளவீடு ஆகிய மின்வேதி முறைகள் சில மணித்துளிகளில் முடிவு தருவதோடு, தடுப்பான் எவ்வகையைச் சேர்ந்தது என்பதையும் காட்டுகின்றன. ஆய்வுக்கட்டுரைகளில் இவற்றுடன் லாங்மியூர் சமவெப்பக் கோட்டில் தரவைப் பொருத்திக் காட்டுவது மரபாகிவிட்டது. செறிவை மூடுவிகிதத்தால் வகுத்த எண்ணைச் செறிவுக்கு எதிராக வரையும் முறை அது. மூடுவிகிதம் 1 ஐ நெருங்கிய நிலையில் இரு அச்சுகளிலும் ஏறத்தாழ ஒரே எண்ணே இருக்கும் என்பதால் நேர்கோடு வராமலிருந்தால்தான் வியப்பு. எனவே அந்நேர்கோட்டை மட்டும் கொண்டு மூலக்கூறு ஒட்டும் முறை நிறுவப்பட்டுவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தடுப்பானால் காக்க இயலாதவை

எடையிழப்புச் சோதனையில் புலப்படாத ஆபத்து ஐதரசன் ஆகும். எதிர்மின்வாய் வினையில் முதலில் தனி ஐதரசன் அணுக்கள் தோன்றுகின்றன. அவை இரண்டிரண்டாக இணைந்தால் வளியாக வெளியேறிவிடும். இணையாதவை அளவில் மிகச் சிறியவை என்பதால் எஃகின் உள்ளே நுழைந்துவிடுகின்றன. உயர்வலிமை எஃகினாலான திருகாணி, சுருள்வில் போன்றவை இதனால் நொறுங்கும் தன்மை அடைந்து, பளு ஏற்றிய சில மணி நேரத்துக்கோ சில நாள்களுக்கோ பின்னர் எவ்வித முன்னறிவிப்பும் இன்றி உடைந்துபோகக்கூடும்.

எஃகு கரைவதைக் குறைக்கும் சேர்மம் ஐதரசன் நுழைவையும் குறைக்கும் என்று கொள்வதற்கில்லை. ஆர்சனிக், ஐதரசன் சல்பைடு ஆகியன ஐதரசன் அணுக்கள் தம்முள் இணைவதைத் தடுத்து அவற்றை உலோகத்துக்குள் தள்ளுகின்றன. தயோயூரியா சிதைந்து ஐதரசன் சல்பைடைத் தரக்கூடியது என்பதால், எடையிழப்பில் உயர்ந்த திறனைக் காட்டிய அதே தொட்டி எஃகை உள்ளுக்குள் நொறுங்கச் செய்துகொண்டிருக்கலாம். மேற்பரப்பு மட்டும் பளபளப்பாகவே இருக்கும். ஆகவே உயர்வலிமை உறுப்புகளை அமிலத்தில் வைக்கும் நேரத்தைக் குறைப்பதும், பின்னர் 200 °செ அளவில் சில மணி நேரம் சூடாக்கி ஐதரசனை வெளியேற்றுவதும், இயன்றால் அமிலத்தையே தவிர்த்து மணல் வீச்சால் துலக்குவதும் நடைமுறையில் உள்ளன.

இரண்டாவது, மும்மின்சுமை இரும்பு அயனி. செதிலும் துருவும் கரையும்போது இவ்வயனி அமிலத்தில் சேர்கிறது. இது ஐதரசன் அயனியைவிட ஆவலுடன் எதிர்மின்னிகளைப் பிடுங்கி எஃகைத் தாக்கும்; பல தடுப்பான்கள் இத்தாக்குதலின் முன் வலுவிழக்கின்றன. துரு மிகுந்த கொதிகலனைக் கழுவும்போது அமிலத்தில் தடுப்பானோடு ஓர் ஒடுக்கும் பொருளையும் சேர்ப்பது இதற்காகவே. ஆய்வகத்தின் தூய அமிலத்தில் தேர்ச்சி பெற்ற தடுப்பான் பழைய தொட்டியில் தோல்வியுறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கந்தக அமிலத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே செதில் பெரும்பாலும் கரைவதில்லை. விரிசல்களின் வழியே அமிலம் உட்புகுந்து அடியிலுள்ள அடுக்கைக் கரைக்க, எழும் ஐதரசன் வளி செதிலைப் பெயர்த்துத் தள்ளுகிறது. தடுப்பான் மிகுந்துவிட்டால் இவ்வளி குறைந்து கழுவும் நேரம் நீள்கிறது. கழுவிய பின் எஃகின் மேல் எஞ்சும் தடுப்பான் படலம் நாகமோ வேறு முலாமோ சரிவர ஒட்டாதபடி செய்வதும் உண்டு. நன்கு அலசுதல் இன்றியமையாதது.

தாவரச் சாறுகள்

நச்சுத்தன்மை பற்றிய கவலையால் தாவரங்களிலிருந்து பெறும் தடுப்பான்களில் ஆர்வம் வளர்ந்துள்ளது. இது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. 1930களிலேயே செலிடோனியம் என்னும் மஞ்சட்பாற் செடி முதலியவற்றின் சாறுகள் கந்தக அமிலத் தொட்டிகளில் பயன்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் உட்பட இந்தியாவின் பல ஆய்வகங்களில் வேம்பு, மருதாணி முதலிய நூற்றுக்கணக்கான தாவரங்கள் சோதிக்கப்பட்டுள்ளன. தாவரங்களிலுள்ள ஆல்கலாய்டுகள், டானின்கள், பிளேவனாய்டுகள் ஆகியவற்றில் நைட்ரசன், ஆக்சிசன் அணுக்களும் வளையங்களும் ஏராளமாக இருப்பதால் அவற்றுட் பல நல்ல திறனைக் காட்டுவதில் வியப்பில்லை.

ஆயினும் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் ஆலைகளுக்குச் சென்று சேர்ந்தவை மிகக் குறைவு. இலையின் உட்கூறு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுகிறது. சாறு சில நாள்களில் கெட்டுப்போகிறது. தேவைப்படும் அளவும் செயற்கைச் சேர்மங்களைவிடப் பொதுவாக அதிகம். சோதனைகளில் மிகுதியானவை அறை வெப்பநிலையை ஒட்டிய நீர்த்த அமிலத்தில், சில மணி நேரத்துக்குள், தூய எஃகுத் துண்டில் நடத்தப்படுபவை. அவற்றுள் ஐதரசன் நுழைவை அளப்பவை அரிது. சாற்றை எடுக்கப் பயன்படும் கரைப்பான் மெத்தனாலாக இருந்தால் 'பசுமை' என்ற அடைமொழியும் ஐயத்துக்குரியதே. இவ்வரிசையில் ஆலை வரை வந்து நிலைபெற்றதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சின்னமால்டிகைடு. இலவங்கப்பட்டையின் சாறாக அன்றி, வரையறுத்த தூய்மையுள்ள ஒற்றைச் சேர்மமாக அளந்து ஊற்றப்பட்டதால் அது சாத்தியமாயிற்று.